வென்மோ வழக்கு: பிரைவசி பாலிசி பொய்த்த இடங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆன்லைனில் பணம் வாங்கும் தொழில் எதுவானாலும் பிரைவசி பாலிசி கடைசி வேலையாகத்தான் நிற்கிறது. கணக்குத் திறந்து கொடுக்கும்முன் பேமெண்ட் கேட்வே நிறுவனம், அதாவது வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் நிறுவனம், தளத்தில் தனியுரிமைக் கொள்கை இருக்கிறதா, பணம் திருப்பித் தரும் விதி இருக்கிறதா என்று பார்க்கும். உடனே வேறொரு தளத்தின் பாலிசியை எடுத்து, கடைப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான் காரணம்.

அந்தத் தைரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க, அமெரிக்காவின் வென்மோ என்ற பணப் பரிமாற்ற ஆப்பின் வழக்கைப் படிப்பது நல்லது. 2018 பிப்ரவரி 27 அன்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம், அதாவது எஃப்.டி.சி., வென்மோவின் உரிமையாளரான பேபால் நிறுவனத்துடன் செய்துகொண்ட சமரசத்தை அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் உத்தரவு இறுதியானது. ஹேக்கர்கள் தரவுக் கிடங்கை உடைத்ததாக அதில் குற்றச்சாட்டே இல்லை. வாடிக்கையாளரிடம் சொன்னது ஒன்று, மென்பொருள் செய்தது இன்னொன்று என்பதே வழக்கு. பாலிசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை மட்டும் ஆணையம் படிக்கவில்லை. செட்டிங்ஸில் இருந்த சொற்களையும், நோட்டிஃபிகேஷனில் வந்த வாக்கியத்தையும், பதிவுத் திரையில் எழுத்து எந்த நிறத்தில் இருந்தது என்பதையும்கூட வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது. பணம் கையாளும் தொழிலில் இருப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பின்னணி

வென்மோ 2009-இல் தொடங்கப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறைத்தோழர்களாக இருந்த ஆண்ட்ரூ கோர்ட்டினா, இக்ரம் மாக்டன்-இஸ்மாயில் இருவரும் ஆரம்பித்தது. நண்பர்களுக்குள் சாப்பாட்டுக் கணக்கு, வாடகைப் பங்கு, டாக்சிக் காசு ஆகியவற்றைப் போனிலேயே தீர்த்துக்கொள்ள ஒரு வழி. 2012-இல் பிரெயின்ட்ரீ என்ற பேமெண்ட் நிறுவனம் அதை 2.62 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே பிரெயின்ட்ரீயை 80 கோடி டாலருக்கு ஈபே வாங்கித் தன் பேபால் பிரிவோடு சேர்த்தது. 2015-இல் பேபால் ஈபேயிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானபோது வென்மோவும் கூடவே வந்தது. 2017-இல் மட்டும் வென்மோ வழியாகக் கைமாறிய தொகை சுமார் 3,500 கோடி டாலர்.

மற்ற பணப் பரிமாற்ற ஆப்களில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. பணம் அனுப்பும்போது எதற்காக என்று ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும். சொல்லாகவும் இருக்கலாம், எமோஜியாகவும் இருக்கலாம். யார் யாருக்கு அனுப்பினார், எந்தத் தேதியில், என்ன குறிப்போடு என்பதெல்லாம் முகநூல் ஊட்டம்போல ஒரு பட்டியலில் ஓடும். தொகை மட்டும் தெரியாது. இந்தப் பட்டியல் நண்பர்களுக்கு மட்டுமானதல்ல. பயனர் எதையும் மாற்றாமல் விட்டால் இணையத்தில் இருக்கும் எவரும் பார்க்கலாம் என்பதே ஆரம்ப நிலை.

தொகை தெரியாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்பார்கள். மாதாமாதம் முதல் தேதியில் யாருக்கு வாடகை போகிறது, வாரத்துக்கு ஒருமுறை எந்த மனநல ஆலோசகருக்குப் பணம் போகிறது, இரவு 11 மணிக்கு யாரோடு சேர்ந்து டாக்சியில் வீடு திரும்பினார் என்பதை வரிசையாகப் படிக்க முடிந்தால் ஒருவரின் வாழ்க்கை கையில் வந்துவிடும். அதற்குத் தொகை தேவையே இல்லை.

இரண்டு செட்டிங்ஸ்

வழக்கின் உயிர்நாடி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தன் பரிவர்த்தனைகளை மறைத்துவைக்க விரும்பும் ஒருவர் ஆப்பின் தனியுரிமைப் பகுதிக்குப் போகிறார். முதலில் தென்படுவது, பரிவர்த்தனையை இயல்பாக யார் பார்க்கலாம் என்று கேட்கும் செட்டிங். அனைவரும், நண்பர்கள், சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் என்று மூன்று தேர்வு. கடைசித் தேர்வைத் தொட்டுவிட்டு ஆப்பை மூடுகிறார். வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தத் தேர்வுக்கு வேறு அர்த்தம் எடுக்க வழியே இல்லை.

ஆனால் வேலை முடியவில்லை. தனியாக இன்னொரு செட்டிங் இருந்தது. அவர் சம்பந்தப்பட்ட பரிவர்த்தனைகளை வேறு யார் பகிரலாம் என்று அது கேட்டது. அதன் ஆரம்ப நிலை 'அனைவரும்'. முதல் செட்டிங்கை மாற்றினாலும் இரண்டாவது தானாக மாறாது. முதலாவதை மாற்றினால் மட்டும் போதாது, கீழே இன்னொன்றும் இருக்கிறது என்று முதலாவதன் அருகில் எந்த எச்சரிக்கையும் இல்லை.

இப்போது அவருடைய அறைத்தோழி மின்கட்டணப் பங்கை அனுப்புகிறார். அறைத்தோழியின் கணக்கு ஆரம்ப நிலையில், அதாவது எல்லோருக்கும் தெரியும்படி, இருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பரிவர்த்தனை இருவர் பெயரோடும் பொதுவெளிக்குப் போய்விடும். 'சம்பந்தப்பட்ட இருவர் மட்டும்' என்று இவர் தேர்ந்தெடுத்தது செல்லாக்காசாகிவிட்டது.

இதைவிட மோசமான இன்னொன்றையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. ஒரு குறிப்பிட்ட பரிவர்த்தனையை மட்டும் தனியாகத் தேர்ந்து இது இரகசியம் என்று ஒருவர் குறித்திருந்தாலும், இரண்டாவது செட்டிங் மாறாமல் இருந்தால், எதிர்த்தரப்பில் இருப்பவர் பின்னர் அதைப் பொதுவாக மாற்ற முடியும். இன்று இரகசியமாக இருந்தது அடுத்த வாரம் வெளியே கிடக்கலாம்.

இந்த வடிவமைப்பு எப்படி உருவாகியிருக்கும் என்று யோசித்தால், சதி என்று சொல்வதைவிட ஒருவர் தீர்மானித்தது மற்றவரை எட்டாமல் போயிருக்கும் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பரிவர்த்தனைக்கு இரண்டு பக்கம். இருவரின் விருப்பமும் மோதினால் யாருடையது வெல்லும் என்ற கேள்விக்கு மென்பொருள் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வென்மோவில் கிடைத்த பதில், அதிகம் திறந்துவைப்பவர் வெல்வார் என்பது. பாலிசி எழுதியவரிடம் யாராவது அதைச் சொல்லியிருந்தால் அவர் அப்படியே எழுதியிருக்கலாம். 'நீங்கள் மறைத்தாலும் எதிர்த்தரப்பு வெளிப்படுத்த முடியும்' என்ற வாக்கியத்தை எழுத உட்கார்ந்த நிமிடத்திலேயே இது கூடாது என்று யாருக்காவது தோன்றியிருக்கும். நேர்மையான பிரைவசி பாலிசியின் மிகப்பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் படிப்பதற்கு முன்பே, எழுதும்போதே அது பொருளின் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வந்துவிட்டதாகச் சொன்ன பணம்

இரண்டாவது குற்றச்சாட்டு தனியுரிமை பற்றியதல்ல என்றாலும் வாக்குறுதி பற்றியது. யாராவது பணம் அனுப்பினால், பெறுபவரின் வென்மோ இருப்பில் தொகை சேர்ந்துவிட்டது, வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரே இரவில் போய்விடும் என்ற பொருளில் அறிவிப்பு வரும். அதை நம்பிப் பொருளைக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் வங்கிக்கு மாற்றக் கேட்கும்போதுதான் வென்மோ அந்தப் பரிவர்த்தனையைச் சோதிக்கும். மோசடி என்றோ, அனுப்பியவரின் கணக்கில் பணம் இல்லை என்றோ தோன்றினால் தொகை முடங்கும், அல்லது திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வாடகை கட்ட முடியாமல் திண்டாடியதாகப் பயனர்கள் புகார் செய்திருந்தார்கள்.

'வங்கித் தர' பாதுகாப்பு

உங்கள் நிதித் தகவலை வங்கித் தரப் பாதுகாப்பு அமைப்புகளால் காக்கிறோம் என்று குறைந்தது 2015 மார்ச் வரை வென்மோ விளம்பரப்படுத்தியது. ஆணையம் கண்டது வேறு. பாஸ்வேர்டு மாறினாலோ, கணக்கோடு இணைத்த மின்னஞ்சல் மாறினாலோ, புதிய கருவி ஒன்று கணக்கில் சேர்ந்தாலோ பயனருக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை. உள்ளே புகுந்தவர் மின்னஞ்சலை முதலில் மாற்றிவிட்டால் போதும், அதன் பிறகு வரும் தகவலெல்லாம் அவருக்கே போகும். எழுத்து வடிவில் ஒரு தகவல் பாதுகாப்புத் திட்டம்கூட 2014 ஆகஸ்ட் வரை நிறுவனத்திடம் இல்லை என்றும் குற்றச்சாட்டு சொன்னது.

இது ஏட்டில் மட்டும் இருந்த குறையல்ல. 2015 பிப்ரவரியில் ஸ்லேட் இணைய இதழ் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பயனரின் கதையை வெளியிட்டது. அவருடைய கணக்கிலிருந்து 2,850 டாலர் போயிருந்தது. வென்மோவிடமிருந்து எதுவும் வரவில்லை. வங்கியிலிருந்து வந்த தகவலைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

பேமெண்ட் தொழிலில் 'வங்கித் தரம்', 'ராணுவத் தர என்கிரிப்ஷன்', '100 சதவீதம் பாதுகாப்பானது' போன்ற சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. அளக்க முடியாத சொல் என்பதால் ஆபத்தில்லை என்று எழுதுகிறார்கள். டுவோல்லா வழக்கைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து இயங்கிய அந்தப் பணப் பரிமாற்ற நிறுவனம், தன் பாதுகாப்பு தொழில்துறைத் தரத்தையும் மிஞ்சியது என்று சொல்லிக்கொண்டது. 2016 மார்ச்சில் அந்நாட்டு அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. தரவுப் பாதுகாப்பு தொடர்பாக அந்த அமைப்பு எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். தரவுத் திருட்டு ஏதும் நடந்ததாக அந்த உத்தரவு சொல்லவில்லை. சொன்னது உண்மையல்ல என்பதே போதுமானதாக இருந்தது.

டுவோல்லா உத்தரவில் ஒரு பத்தியை மறக்க முடியாது. 2012 டிசம்பரில் நடந்த ஒரு சோதனையில் ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அதைத் திறந்தார்கள். திறந்தவர்களில் 62 சதவீதம் பேர் உள்ளே இருந்த இணைப்பைச் சொடுக்கினார்கள். சொடுக்கியவர்களில் 25 சதவீதம் பேர் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பதிவு செய்யவே முயன்றார்கள். அதன் பிறகும் ஊழியர்களுக்கு முதல் கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சி 2014-இன் நடுப்பகுதியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் 'தரத்தை மிஞ்சியது' என்ற வாசகம் தளத்திலேயே இருந்தது.

சாம்பல் நிறத்தில் ஒரு வரி

மறுபடி வென்மோவுக்கு வருவோம். அமெரிக்காவில் நிதிச் சேவை தருபவர்களுக்கென்று 1999-இல் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டம் இருக்கிறது. அதன் தனியுரிமை விதிப்படி, வாடிக்கையாளர் உறவு தொடங்கும்போதே தெளிவாகவும் கண்ணில் படும்படியாகவும் தனியுரிமை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அதில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். அது வாடிக்கையாளரின் கைக்கு நிச்சயம் போய்ச் சேரும் வழியில் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் என்றால், பெற்றுக்கொண்டேன் என்று அவர் ஒப்புக்கொள்வதைச் சேவை பெறுவதற்கான ஒரு படியாக வைப்பது அந்த வழிகளில் ஒன்று.

வென்மோ ஆப்பின் பதிவுத் திரையில் இருந்தது ஒரே ஒரு வரி. பதிவு செய்வதன் மூலம் எங்கள் பயனர் ஒப்பந்தத்தையும் பிரைவசி பாலிசியையும் ஏற்கிறீர்கள் என்ற வழக்கமான வாசகம்தான். வெளிர் சாம்பல் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. பக்கத்தில் பதிவுப் பொத்தான். அறிவிப்பைத் திறந்ததாகவோ பெற்றதாகவோ பயனர் எதையும் குறிக்கத் தேவையில்லை. 'கண்ணில் படும்படி' என்று சட்டம் கேட்டதை இது நிறைவேற்றவில்லை என்றது ஆணையம். எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் குற்றச்சாட்டில் அப்படியே எழுதப்பட்டன. வடிவமைப்பாளர் தன் கணினியில் எடுத்த அழகு தொடர்பான ஒரு முடிவு, சட்ட மீறலுக்கான ஆதாரமாகிவிட்டது.

அந்த இணைப்பைத் தேடித் திறந்து படித்தவருக்கும் உண்மை கிடைக்கவில்லை. தகவல்கள் பயனரின் சமூக வட்டத்தோடு பகிரப்படும் என்ற தொனியில் பாலிசி பேசியது. நடைமுறையில் ஆரம்ப நிலையிலேயே அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் எவருக்கும் அவை தெரிந்தன. படிக்காதவர்களைக் குறை சொல்வது சுலபம். இங்கே படித்தவர்களும் ஏமாந்திருப்பார்கள்.

உத்தரவு சொன்னதும் சொல்லாததும்

விசாரணை தொடங்கியது 2016-இல். அந்த ஆண்டு மார்ச் 28 அன்று ஆணையத்திடமிருந்து தகவல் கோரும் ஆணை வந்ததாக பேபால் தன் முதலீட்டாளர்களுக்கான அறிக்கையில் தெரிவித்தது. அதற்கிடையே 2016 மே மாதம் டெக்சாஸ் மாநில அரசுத் தரப்போடு ஒரு சமரசம் செய்துகொண்டு, வென்மோவின் தனியுரிமை, பாதுகாப்பு விளக்கங்களைத் தெளிவாக்க ஒப்புக்கொண்டு, 1,75,000 டாலரும் கட்டியது. பயனரின் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியலைப் பயன்படுத்தும் விதமும் அங்கே பேசுபொருளானது.

2018 உத்தரவில் அபராதம் எதுவும் இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஏமாற்று வணிக நடைமுறைக்கு முதல்முறையே அபராதம் போடும் அதிகாரம் பொதுவாக எஃப்.டி.சி.க்குக் கிடையாது. முதலில் உத்தரவு, அதை மீறினால்தான் அபராதம். அன்றைய கணக்கில் ஒவ்வொரு மீறலுக்கும் 41,484 டாலர் வரை போகலாம். லட்சக்கணக்கான பயனர்கள் இருக்கும் ஆப்பில் 'ஒவ்வொரு மீறலுக்கும்' என்ற சொல்லின் கனம் சாதாரணமானதல்ல. தனியுரிமை செட்டிங்ஸ் பற்றியும் பாதுகாப்பு பற்றியும் தவறான தோற்றம் தரக்கூடாது, பரிவர்த்தனைத் தகவல் யாருக்குப் போகிறது, அதைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதைப் பயனருக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும், 10 ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரிடம் மதிப்பீடு பெற வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள்.

உத்தரவு சொல்லாதது ஒன்று உண்டு. ஆரம்ப நிலையை இரகசியமாக மாற்று என்று அது சொல்லவில்லை. பொதுவாக வைத்துக்கொள், ஆனால் பொதுவாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடு என்பதோடு நின்றது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏமாற்றுவதைத் தடுக்கும் சட்டத்துக்குள் நின்றுகொண்டு ஆணையம் அதற்கு மேல் போவது கடினம் என்பது புரிகிறது. ஆனால் பணம் அனுப்புவதற்காக ஆப்பைத் திறக்கும் ஒருவர், உலகத்துக்கு அதை அறிவிக்கவும் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வது நியாயமே இல்லை.

பின்னால் நடந்தவை இதையே காட்டின. உத்தரவு இறுதியாகி இரண்டு மாதத்துக்குள், 2018 ஜூலையில், ஹாங் டோ தி டுக் என்ற ஆய்வாளர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். 2017-இல் வென்மோவில் பொதுவாகக் கிடந்த 20 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளை எடுத்து, பெயர் சொல்லாமல் சில மனிதர்களின் வாழ்க்கையை அதிலிருந்தே வரைந்து காட்டினார். கஞ்சா விற்பவர் ஒருவர், சோளம் விற்பவர் ஒருவர், சண்டையிட்டுச் சமாதானமாகும் ஒரு காதல் ஜோடி. எதையும் அவர் உடைத்துத் திறக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. 2019 ஆகஸ்டில் மொசில்லா அறக்கட்டளையும் மின்னணு எல்லை அறக்கட்டளையும் சேர்ந்து, பரிவர்த்தனைகளை இயல்பிலேயே இரகசியமாக்கவும் நண்பர் பட்டியலை மறைக்க வழி தரவும் கோரித் திறந்த மடல் எழுதின. 2021 மே மாதம் பஸ்ஃபீட் நியூஸ் செய்தியாளர்கள் அமெரிக்க அதிபர் ஜோ பைடனின் வென்மோ கணக்கைப் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர் அதில் பணம் அனுப்பியதாகப் பத்திரிகையில் வந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. நண்பர் பட்டியலை மறைக்கும் வசதி அதன் பிறகுதான் வந்தது. அந்நியர்களின் பரிவர்த்தனைகள் ஓடிக்கொண்டிருந்த பொது ஊட்டத்தை 2021 ஜூலையில் வென்மோ எடுத்துவிட்டது.

நம்மூர்க் கடைகளில்

இங்கே இன்ஸ்டாகிராமில் புடவை, மாலை, கேக், வீட்டுத் தின்பண்டம் விற்பவர்கள் ஏராளம். பணம் யுபிஐயில் வரும். "அக்கா, பே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க" என்பது வழக்கமான செய்தி. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் வாங்கியவரின் பெயர் இருக்கும், யுபிஐ ஐடி இருக்கும், வங்கியின் பெயரும் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் இருக்கும், பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் யுடிஆர் எண் இருக்கும். பலருக்கு யுபிஐ ஐடியே மொபைல் எண்தான். கடை நம்பகமானது என்று காட்ட அதை அப்படியே ஸ்டோரியில் போடுகிறார்கள். வென்மோவில் தொகை மட்டுமாவது மறைந்திருந்தது. இங்கே தொகையும் சேர்ந்தே வெளியாகிறது. கடையின் பாலிசிப் பக்கத்தில் 'உங்கள் தகவலை யாருடனும் பகிர மாட்டோம்' என்று இருக்கும். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. ஆனால் வாங்கிய பெண்ணுக்கு இரவில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரத் தொடங்கினால், எண்ணம் நல்லது என்பது அவருக்கு எந்த உதவியும் செய்யாது.

எடுத்து ஒட்டிய பாலிசிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 'அடுத்த முறை எளிதாக வாங்க உங்கள் கார்டு விவரங்களைப் பாதுகாப்பாகச் சேமித்துவைக்கிறோம்' என்ற வரியை இந்தியத் தளங்களில் இன்னும் பார்க்கலாம். 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டு வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது. கடைக்கும் கேட்வேக்கும் கிடைப்பது அந்த எண்ணுக்குப் பதிலான டோக்கன் என்ற குறியீடுதான். கணக்குச் சரிபார்க்க வேண்டுமானால் கார்டின் கடைசி நான்கு இலக்கமும் வழங்கியவரின் பெயரும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்த வரி உண்மையாக இருந்தால் கடை விதியை மீறுகிறது, பொய்யாக இருந்தால் வாடிக்கையாளரிடம் பொய் சொல்கிறது. 'தரவு அமெரிக்காவிலுள்ள சர்வர்களில் சேமிக்கப்படும்' என்ற வரியும் அப்படித்தான். பேமெண்ட் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிலேயே பேமெண்ட் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. அதைக் கடைப்பிடிக்காததால் 2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரை மாஸ்டர்கார்டே இந்தியாவில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க முடியாமல் நின்றது.

2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும்போது எந்தத் தரவு, எதற்காக என்று அறிவிப்புத் தரச் சொல்கிறது. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். தமிழும் அதில் அடக்கம். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

பாலிசியை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கடையில் நீங்களே 10 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்குங்கள். உங்கள் பெயரும் எண்ணும் முகவரியும் எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். கேட்வே டாஷ்போர்டு, வாட்ஸ்அப் உரையாடல், ஆர்டர் எழுதும் எக்செல் தாள், கூரியர் ஒட்டும் சீட்டு, பார்சல் கட்டும் தம்பியின் போன் கேலரி. கடைசியாகச் சொன்னது எந்தப் பாலிசியிலும் இருக்காது. ஆனால் தரவு அங்கேதான் நெடுநாள் கிடக்கும். அப்படிப் பார்த்துவிட்டு எழுதினால், யுபிஐயும் கேட்வேயும் வழியாகப் பணம் வாங்கும் ஒரு சிறு புடவைக் கடையின் அறிவிப்பு இவ்வளவுதான் வரும்:

"ஆர்டரை அனுப்ப உங்கள் பெயர், மொபைல் எண், முகவரி வாங்குகிறோம். கார்டு எண், சிவிவி, ஓடிபி எதுவும் எங்களிடம் வருவதில்லை. அவற்றை நீங்கள் கொடுப்பது பேமெண்ட் கேட்வேயின் பக்கத்தில். பெயர், எண், முகவரி மூன்றும் கூரியர் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் அனுப்பும் பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் வந்ததைச் சரிபார்க்க மட்டும் பார்ப்போம்; பார்சல் உங்கள் கைக்கு வந்து 7 நாளில் அழித்துவிடுவோம்; எங்கும் வெளியிட மாட்டோம். உங்கள் விவரத்தை நீக்கச் சொல்ல விரும்பினால் இந்த எண்ணுக்கு எழுதுங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில்லைத் தவிர மற்றதை நீக்கிவிடுவோம்."

இதைப் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் வைக்க வேண்டும். '7 நாளில் அழித்துவிடுவோம்' என்ற இடத்தில் உண்மையிலேயே யார், எந்தக் கிழமை, எந்தெந்தப் போனிலிருந்து அழிப்பார் என்பது முடிவாகாத வரை அந்த வரியை எழுதக் கூடாது.